இரண்டாவது பிள்ளைக்கு எந்த அறை? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

முதல் பிள்ளை வரும்போது வீடு காலியாக இருந்தது. என்ன நிறம் அடிக்கலாம், எந்தத் தொட்டில் வாங்கலாம் என்று ஆற அமர யோசிக்க முடிந்தது. இரண்டாவது வரும்போது அப்படியில்லை. இரண்டரை, மூன்று வயதில் மூத்தது ஓடிக்கொண்டிருக்கும். அதன் கட்டில், பொம்மைப் பெட்டி, தூக்க நேரம் எல்லாம் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. அதனால் இந்த முறை அலங்காரத்தை விட இடம்தான் முதல் கேள்வி. சின்னதை எங்கே படுக்கவைப்பது?

பெரும்பாலான வீடுகளில் மூன்று வழிகள் உண்டு. சும்மா கிடக்கும் ஓர் அறையைச் சின்னதுக்கென்று ஒழுங்குபண்ணலாம். மூத்ததின் அறையிலேயே இரண்டையும் போடலாம். அல்லது அப்பா அம்மா படுக்கும் அறையில் ஒரு மூலையை ஒதுக்கி, ஒரு வருடம் கழித்து மூத்ததின் அறைக்கு மாற்றலாம். மூன்றாவது வழிதான் நல்லது என்பது இந்தக் கட்டுரையின் முடிவு. ஆனால் மற்ற இரண்டும் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதையும் பார்த்துவிடலாம்.

தனி அறை

சும்மா கிடக்கும் அறை ஏன் சும்மா கிடக்கிறது என்று முதலில் யோசியுங்கள். அது பெரும்பாலும் மாடி அறையாகவோ, அடுக்களையை ஒட்டிய சாமான் அறையாகவோ, பிறகு சேர்த்துக் கட்டிய மேற்குப் பக்கத்து அறையாகவோ இருக்கும். மாடி அறையில் மார்ச் முதல் மே வரை கான்கிரீட் சூடு இரவு வெகுநேரம் வரை இறங்காது. மேற்கு அறையில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை நேராகச் சுவரில் அடிக்கும். யாரும் படுக்க விரும்பாத அறையை வீட்டிலேயே மெலிந்த உடம்புக்குக் கொடுப்பது சரியான பங்கீடு அல்ல.

இரவு வேலை இன்னொரு காரணம். பிறந்த பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். சிசேரியன் ஆன அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த அறைக்கு நடப்பதும் படி ஏறுவதும் நடக்கிற காரியமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் புதுப்பித்த அறிவுரையும் இதையே சொல்கிறது: குறைந்தது முதல் 6 மாதம் பெற்றோர் அறையில், ஆனால் தனிப் படுக்கையில். ஒரே மெத்தையில் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் அந்த அறை வீணா? இல்லை. பிள்ளை பார்க்க வந்து இரண்டு மூன்று மாதம் தங்கும் பாட்டிக்கும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் இடத்துக்கும், துணி அலமாரிக்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. முதல் வருடம் அதைச் சின்னதின் பெயரில் அலங்கரிப்பது மட்டும் வேண்டாத செலவு.

மூத்ததோடு ஒரே அறை

படத்தில் பார்க்க அழகாக இருக்கும் வழி இது. நடைமுறையில் இரவு இரண்டு மணிக்குச் சின்னது அழும், மூத்தது விழிக்கும், பிறகு இரண்டையும் தூங்கவைக்க இரண்டு ஆள் வேண்டும். தூக்கத்தை விடப் பெரிய சிக்கல் மூத்ததின் பாசம். இரண்டரை வயதுப் பிள்ளை தம்பிக்குத் தன் போர்வையைக் கொண்டுபோய் மூடும், தலையணை வைக்கும், தான் தின்னும் நிலக்கடலையை ஊட்டும், தொட்டிலுக்குள் ஏறிப் பக்கத்தில் படுக்கும். எல்லாம் அன்புதான், எல்லாமே மூச்சடைக்கும் காரியம். பெரியவர் யாரும் இல்லாத அறையில் இந்த இரண்டையும் இரவு முழுக்க விடக்கூடாது.

சின்னதுக்கு ஒரு வயது ஆகி, இரவில் பால் குடிப்பது குறைந்து, மூத்ததுக்கு நாலு வயதை ஒட்டிவிட்டால் இந்த வழி தானாகவே நல்ல வழியாகிவிடும். மாற்றும் முன் மூத்ததின் சாமான்களைச் சலித்து எடுக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டமுள்ள குழாய்க்குள் விழும் எதுவும் சின்னதின் தொண்டைக்குள்ளும் விழும். வீட்டில் அந்த அளவு குழாய் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கோலிக்குண்டு, புளியங்கொட்டை, ரப்பர் தோட்டத்தில் பொறுக்கி வந்த கொட்டை, பேனா மூடி எல்லாம் மாட்டும். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி தனி ஆபத்து. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இல்லாவிட்டால் அந்தப் பொம்மை அந்த அறைக்கு வேண்டாம்.

பெற்றோர் அறையில் ஒரு மூலை

10க்கு 12 அடி அறையில், 5க்கு ஆறரை அடி கட்டில் போட்டபின் இடம் இருக்குமா என்று பலருக்குச் சந்தேகம். கட்டிலின் தலைமாடு 10 அடிச் சுவரில் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 5 அடி மிஞ்சும். கட்டிலை நடுவில் போடாமல் ஒரு பக்கம் ஓர் அடி மட்டும் விட்டுத் தள்ளிப் போட்டால் மறுபக்கம் 4 அடி கிடைக்கும். இரண்டரை அடி அகலத் தொட்டில் போக ஒன்றரை அடி நடைபாதை. கால்மாட்டில் ஐந்தரை அடி இருக்கிறதே, அங்கே போடலாமே என்று தோன்றும். ஆனால் கால்மாட்டில் போட்டால் அம்மா ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க வேண்டும். பக்கத்தில் போட்டால் படுத்தபடி கை நீட்டித் தொடலாம். அம்மா படுக்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் தொட்டில்.

தொட்டிலுக்கு மேலே அலமாரித் தட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட படம், கடிகாரம் எதுவும் வேண்டாம். ஜன்னல் திரையின் கயிறு எட்டும் தூரத்தில் தொங்கக்கூடாது. சீலிங் ஃபேன் காற்று நேரே தலையில் விழாதபடி சற்று ஒதுக்கிப் போட்டால் போதும்.

எந்தத் தொட்டில்

இதில்தான் வீட்டுக்குள் சண்டை வரும். சேலைத்தொட்டிலில் படுத்து வளராத ஆள் இந்த மாவட்டத்தில் குறைவு. பாட்டி அதைத்தான் கேட்பார். பழக்கம் நல்லதுதான், பிள்ளை சீக்கிரம் உறங்கும். ஆனால் துணி வளைந்து பிள்ளையின் முதுகும் வளைகிறது, தாடை நெஞ்சில் படுகிறது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்துப் பலம் இல்லாததால் மூச்சுக்குழல் ஒடுங்கலாம். குறைமாதத்தில் பிறந்ததற்கும் எடை குறைந்ததற்கும் இது இன்னும் மோசம். பகலில், பெரியவர் கண்ணெதிரே, கம்பு வைத்து விரித்த தொட்டிலில் சிறிது நேரம் என்றால் சரி. இரவு முழுக்க வேண்டாம். புரள ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

முதல் பிள்ளைக்கு இல்லாத ஓர் ஆபத்து இரண்டாவதுக்கு உண்டு: மூத்தது. காலியாகத் தொங்கும் சேலையை மூத்தது ஊஞ்சலாக்கும், உள்ளே உட்கார்ந்து சுற்றும், முறுக்கேறிய துணி கழுத்தில் இறுகும். இப்படிப் பிள்ளைகள் இறந்த செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையை எடுத்ததும் துணியை அவிழ்த்துவிட வேண்டும், அல்லது மூத்ததின் கை எட்டாத உயரத்துக்குச் சுருட்டிக் கட்ட வேண்டும். இதைத் தவறாமல் செய்ய ஆள் இல்லாத வீட்டில் சேலைத்தொட்டில் கட்டாமல் இருப்பதே நல்லது.

கட்டுகிறீர்கள் என்றால் எதில் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஓட்டு வீட்டில் உத்தரத்தில் கட்டலாம், ஓட்டுக்கு அடியில் சாய்வாகப் போட்ட கழுக்கோலில் கூடாது. கழுக்கோல் ஓட்டின் பாரத்தைத் தாங்க வைத்தது, ஆட்டும் இழுவைக்கு அல்ல. கான்கிரீட் வீட்டில் வார்க்கும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய 12 மில்லிமீட்டர் கொக்கி இருந்தால் நல்லது. பிறகு துளைபோட்டு வைக்கும் கொக்கி என்றால் நாலு போல்ட் அடிக்கும் தகடு வேண்டும்; ஒற்றை போல்ட் ஆட்டத்தில் தளரும். ஃபேன் கொக்கியில் கட்டவே கூடாது. பிள்ளைக்கு நாலு கிலோதானே என்று கணக்குப் போடாதீர்கள், ஒருநாள் மூத்ததும் தொங்கும். 50 கிலோ அரிசிச் சாக்கைக் கட்டிப் பத்து நிமிடம் ஆட்டிப் பார்த்து, கொக்கியைச் சுற்றிப் பூச்சில் வெடிப்பு விழுகிறதா என்று கவனியுங்கள். தொட்டிலின் அடி தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம்.

ஸ்பிரிங் தொட்டிலுக்கு இதோடு இன்னொரு கவலை. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கொக்கியாக வளைத்த முனையில். ஸ்பிரிங்குக்குள் கனமான கயிறோ சங்கிலியோ தளர்வாக ஓடவிட்டு இரண்டு முனையிலும் கட்டிவைத்தால், அறுந்தாலும் தொட்டில் கீழே விழாது. மூத்ததுக்கு வாங்கி மச்சில் போட்டுவைத்த பழைய ஸ்பிரிங் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இரவுக்கு ஆடாத பேபி காட் தான். மூத்ததின் காட் இருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை, ஆனால் சோதிக்காமல் எடுக்கவும் கூடாது. பக்கங்களில் நிறுத்தியிருக்கும் அழிகளுக்கு (கம்புகளுக்கு) இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. குளிர்பான டின் உள்ளே போனால் அது அதிகம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடத்துக்கு மேல் இருந்தால் பிள்ளையின் முகம் சிக்கும். ஒரு பக்கம் கீழே இறங்கும் வகைக் காட் பழைய வீடுகளில் இன்னும் உண்டு. அதன் பிடி தளர்ந்து பிள்ளைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011இல் அந்த வகையின் விற்பனையே தடைசெய்யப்பட்டது. உங்களிடம் இருப்பது அதுவென்றால் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக இறுக்கிவிடுங்கள்.

மெத்தை மட்டும் புதிது வேண்டும். மச்சில் இரண்டு மழைக்காலம் கிடந்த மெத்தையில் பூஞ்சை இருக்கும், எலி மூத்திரமும் இருக்கலாம். இலவம்பஞ்சு மெத்தை நம் ஊருக்குக் குளிர்ச்சிதான், ஆனால் பிறந்த பிள்ளைக்கு அது அமுங்கும். ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை கெட்டியாக இருக்கும். கையால் அழுத்தி எடுத்ததும் குழி உடனே மறைய வேண்டும். தலையணை, கடுகுத் தலையணை, சுற்றிக் கட்டும் மெத்துத் துணி, பொம்மை எதுவும் பேபி காட்டுக்குள் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும்.

புதிதாகச் செய்யக் கொடுத்தால் மரம் எது? அயனியும் பலாவும் இங்கே கிடைக்கும், ஈரம் தாங்கும், ஆசாரிக்குப் பழகிய மரங்கள். ரப்பர் மரம் மலிவு. ஆனால் மருந்து ஏற்றி உலர்த்தாத ரப்பர் மரத்தில் சில மாதத்திலேயே துளைப்பூச்சி இறங்கி மாவு கொட்டும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வெட்டிய மரம் சுலபமாகக் கிடைக்கிறது என்று பச்சையாகவே அறுத்துச் செய்யக் கூடாது. அழுத்தித் தயாரித்த மரத்தூள் பலகை இந்த மாவட்டத்து ஈரத்துக்கு ஆகாது, ஓரம் ஊதி ஸ்க்ரூ கழன்றுவிடும்.

சுவர்: செலவு செய்ய வேண்டிய இடம்

வடகிழக்குப் பருவமழை மட்டும் காணும் ஊர்களுக்கு எழுதிய வீட்டு அலங்கார யோசனைகள் இங்கே செல்லாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொன்று. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு, கிள்ளியூர்ப் பக்கம் சுவர் உலரவே நேரம் கிடைப்பதில்லை. தென்னையும் ரப்பரும் சூழ்ந்த வீடு என்றால் வெயிலும் படாது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இதற்கு நேர்மாறு: ஈரம் குறைவு, ஆடிக்காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும். ஒரே மாவட்டம்தான், அறை தயாரிக்கும் விதம் வேறு.

பெயிண்டரைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை. ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாக நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நின்றால் அறைக் காற்றில் ஈரம் அதிகம். முதலாவதற்குக் கொத்தனார் வேண்டும், இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை உப்புப் பூத்து நிற்பது அடித்தளத்து ஈரம். கறை நிற்கும் உயரத்துக்கு மேல் ஓர் அடி சேர்த்துப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரம் தடுக்கும் பொருள் கலந்து பூசி, நன்றாக உலரவிட வேண்டும். புதுப் பூச்சுக்கு 28 நாளாவது வேண்டும். மேல்மூலையில் கறை என்றால் மொட்டை மாடித் தண்ணீர், அங்கே சரிசெய்யாமல் உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் பயனில்லை. ஈரச் சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து மறைப்பது பலர் செய்யும் தவறு. நீர் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்புளித்து, சின்னது தவழும் காலத்தில் துகள்துகளாக உதிரும். வாய்க்குப் போகும்.

இனிப் பூச்சுகளை ஒப்பிடலாம். சுண்ணாம்பு மலிவு, சுவர் மூச்சுவிடும், பூஞ்சை பிடிப்பது குறைவு. கையில் ஒட்டும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பழைய ஓட்டு வீட்டுக்கு அது இன்றும் பொருத்தம். கான்கிரீட் வீட்டுக்குத் தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் நல்லது, மணம் குறைந்த வகையும் பூஞ்சைத் தடுப்பு வகையும் உண்டு. துடைக்கலாம், மூத்தது கிரேயானோடு நிற்கும் வீட்டில் இது முக்கியம். வால்பேப்பர் இந்த மாவட்டத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு மழைக்காலம் போதும், பசைக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை வளரும், ஓரம் பிரியும் வரை தெரியாது. படம் வேண்டுமென்றால் உலர்ந்த சுவரில் ஸ்டிக்கர் ஒட்டலாம், பேபி காட்டிலிருந்து கை எட்டாத உயரத்தில்.

10க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 400 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் 350க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கோட் பிரைமருக்கு மூன்று, மூன்றரை லிட்டர். இரண்டு கோட் எமல்ஷனுக்கு ஐந்து முதல் ஆறு லிட்டர். மேல்தளத்துக்குத் தனியாக ஒன்றரை லிட்டர். மழை நாளில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே டின்னில் எழுதியிருக்கும் நேரம் போதாது, ஒரு முழு நாள் விடுங்கள்.

நிறத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறக்கும் முன் ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதனால் நீலமா ரோசா நிறமா என்ற கேள்விக்கே இடமில்லை. மரநிழலில் இருட்டும் அறைக்கு வெளிர் மஞ்சளோ தந்த நிறமோ வெளிச்சம் தரும்.

பழைய கதவு, ஜன்னல் விஷயம் வேறு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை உலர்வாக உரசினால் ஈயத்தூள் அறை முழுக்கப் பரவும். தண்ணீர் தொட்டு உரச வேண்டும், தூளை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும், அந்த வேலை முடியும் வரை கர்ப்பிணியும் மூத்ததும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

தரை, ஜன்னல், துணிக்கொடி

தரைக்குக் கோரைப்பாய் போதும். கோத்துப் போடும் ஃபோம் பாய் மெத்தென்று இருக்கும், ஆனால் அடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வாங்கினால் வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்தி உலர்த்துங்கள். மூத்தது துண்டுகளைக் கடித்துப் பிய்க்கும் வயது என்றால் வாங்கவே வேண்டாம்.

கொசுவுக்கு ஜன்னல் வலை, பேபி காட்டுக்கு வலை இரண்டும் வேண்டும். சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள வலை கொசுவைத் தடுக்கும். கடற்கரை வீட்டில் சாதாரண இரும்பு வலை சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஃபைபர் வலை நிலைக்கும். குடைபோல் கவிழ்க்கும் வலையைப் பிள்ளை புரளும் வரைதான் பயன்படுத்தலாம், பிறகு இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் மூடிய அறையில் வேண்டாம், பாட்டி எவ்வளவு சொன்னாலும்.

இங்கே மழைக்காலத்தில் பெரிய தொல்லை துணி. ஜூலையில் ஒரு நாளைக்கு இருபது ஈரத்துணி விழும், ஒன்றும் காயாது. வழியில்லாமல் அறைக்குள்ளேயே கொடி கட்டுவார்கள். அந்த ஈரம் அப்படியே சுவரில் ஏறி, ஆயிரக்கணக்கில் செலவழித்த பெயிண்டில் பூஞ்சையாக நிற்கும். கொடியை வராந்தாவில் கட்டி, ஒரு டேபிள் ஃபேனை அதன் மீது திருப்பிவையுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி வைத்து, மேலே எல் வடிவத் தகட்டால் சுவரில் பிணையுங்கள். மூத்தது இழுப்பறையைப் படியாக்கி ஏறும்போது அலமாரி கவிழ்வது அதிகம் நடக்கும் விபத்து.

எப்போது தொடங்குவது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுவர் வேலைக்கு நல்ல காலம். பேறு ஜூலையில் என்றால் ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். டிசம்பரில் என்றால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ கிடைக்கும் வெயில் இடைவெளியைப் பிடிக்க வேண்டும். மழையில் ஜன்னலைத் திறக்க முடியாததால் பெயிண்ட் மணம் போக மூன்று வாரமாவது விடுங்கள். பிறக்கும் முன் பிள்ளைக்கு எதுவும் வாங்கக்கூடாது என்று நம்பும் வீடுகள் இங்கே நிறைய. அதோடு மோத வேண்டியதில்லை: சுவர், வயரிங், ஜன்னல் வலை எல்லாம் வீட்டு வேலைதான். மெத்தையும் துணியும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் வாங்கலாம்.

மூத்ததைப் பேபி காட்டிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதைப் பேறுக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். காட்டைக் கழற்றி அதன் கண்ணில் படாமல் எடுத்துவையுங்கள். பிள்ளை வந்த அன்றே தன் படுக்கையைப் பிடுங்கிச் சின்னதுக்குக் கொடுத்தார்கள் என்று அது நினைத்தால், அப்புறம் இரண்டும் ஒரே அறைக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.